இரண்டு வருட முன்பணம்

அக்ரா
15.02.2009

அன்புள்ள யோகமலருக்கு,

நான் வந்து சேர்ந்து ஆறு நாள். சுகமாக இருக்கிறேன். நீரும் கோசிகாவும் அந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள்? காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீட்டரை நிற்பாட்டி வைக்காதேயும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை விறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். ஆனால் தொலைபேசிக் காட்டில் அரைவாசிக் காசு எங்கே போகிறது என்று தெரியவில்லை. மற்ற அரைவாசி "சுகமோ, சாப்பிட்டியளோ" என்பதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் கம்பனியின் வெம்பிளி அலுவலகத்துக்கும் இங்கேயும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடதாசிப் பை ஒன்று விமானத்தில் போய்வருகிறது. அங்கே கணக்கு எழுதுகிற செல்வரத்தினம் அண்ணையிடம் கொடுத்தால் உம்முடைய கடிதத்தையும் அதற்குள் போட்டுவிடுவார். முத்திரைச் செலவில்லை. ஆகவே எழுதும்.

மீன் வைக்கிற குளிரறைகள் நான்கு எனக்குக் கீழே. லண்டனில் என்னை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு மூடிய குளிரறையைவிட இயந்திரங்கள் பழசு, ஆனால் வேலை பிடித்திருக்கிறது. வளவுக்குள்ளேயே ஓர் அறை தந்திருக்கிறார்கள். அது தற்காலிகம். குடும்பம் வந்தால் வீடு நானே பார்க்க வேண்டும்.

ஆபிரிக்கா மலிவு என்று விம்பிள்டன் கோயிலில் வைத்து எனக்குப் புத்தி சொன்ன ஆட்களை இங்கே கொண்டுவந்து ஒருநாள் சாமான் வாங்க விட வேண்டும். கோர்ன்பிளேக்ஸ் ஒரு பெட்டி லண்டனில் மூன்று பெட்டி வாங்குகிற விலை. சீஸ் தங்கம். அப்பிள் ஒன்று ஒன்றாக விற்கிறார்கள். சந்தையில் எங்களுக்கு ஒரு விலை, ஊர் ஆட்களுக்கு ஒரு விலை. தக்காளி விற்கிற மனுசி என்னைப் பார்த்து "ஓப்ரோனி" என்று கூப்பிட்டா. வெள்ளைக்காரன் என்று அர்த்தமாம். லண்டனில் இருபது வருடம் இருந்து கிடைக்காத பட்டம் இங்கே ஆறு நாளில் கிடைத்தது, தக்காளிக்கு இரட்டை விலை கொடுத்து.

நாங்கள் பேசியபடிதான் யோசிக்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் கிங்ஸ்பரி வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் வந்துவிட வேண்டும். அந்த வாடகை வீட்டுக் கடனைக் கட்டும், என்னுடைய சம்பளத்தில் மூன்று பேரும் இங்கே இருக்கலாம். இரண்டு இடத்துச் செலவை அதற்குமேல் தாங்க ஏலாது. பிரிந்து இருக்கவும் ஏலாது.

பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
ஞானேஸ்வரன்

●

கிங்ஸ்பரி
04.03.2009

இஞ்சருங்கோ, கோசிகாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் பிரஷர் எப்படி? குளிசையை மறக்காமல் போடுகிறீர்களோ, அல்லது அதுவும் அங்கே விலை கூட என்று விட்டுவிட்டீர்களோ?

கடிதம் என்று ஆசையாகப் பிரித்தேன், சுப்பர்மார்க்கட் விலைப்பட்டியல் வந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி, கோர்ன்பிளேக்ஸ் பற்றி ஒரு வரி. நல்ல மனுசன். அங்கே வந்தும் கோர்ன்பிளேக்ஸ் தின்ன வேண்டும் என்று யார் சொன்னது? அந்த ஊர்ச் சனம் காலையில் என்ன சாப்பிடுகிறதோ அதைச் சாப்பிடுங்கோ. கோசிகாவையும் நான் அப்படித்தான் பழக்குவேன். அவளிடம் சொன்னேன், "Appa is so dramatic" என்றாள். எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்தாளாக்கும்.

ஏஜென்சிக்காரன் வந்து வீட்டைப் பார்த்தான். நைரோபியில் இருந்து வருகிற குஜராத்திக் குடும்பம் ஒன்று செப்டெம்பர் முதலாம் திகதியில் இருந்து கேட்கிறதாம். நல்ல வாடகை. ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்குப் பிறகு எனக்கும் பிள்ளைக்கும் இந்த வீட்டில் இடமில்லை, ஞாபகம் இருக்கட்டும். பள்ளிக்கூடக் கன்டீனிலும் ஜூலையோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி சிவானந்தனிடமிருந்து மார்கழியில் எடுத்த அந்த டெலிபோன் கோலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவனும் வேதவல்லியும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்டறிய ஆளில்லை. அதைப்பற்றி நீங்கள் ஒன்றும் கேட்டு எழுதாதேங்கோ. எனக்கு எழுத மனமில்லை.

வெயிலுக்குள் தொப்பி போடுங்கோ.

இப்படிக்கு,
யோகமலர்

●

அக்ரா
09.04.2009

அன்புள்ள யோகமலருக்கு,

பிரஷர் குளிசை போடுகிறேன். நீர் சொன்னபடி ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டேன். வளவு வாசலில் ஒரு மனுசி சோறும் அவரையும் சேர்த்து அவித்து வாழையிலைபோல ஒரு இலையில் கட்டித் தருகிறா. "வாக்யே" என்று பெயர். மேலே ஒரு மிளகாய்ச் சம்பல். நீர் சாப்பிட்டால் சண்டை பிடிக்க மறந்துவிடுவீர். மிகவும் மலிவு.

வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இங்கே வீட்டுக்காரர் மாதம் மாதம் வாடகை வாங்குவதில்லை. இரண்டு வருட வாடகையை முதலிலேயே முழுதாக வைக்கச் சொல்கிறார்கள், அதுவும் டொலரில். நான் முதல் தரம் கேட்டபோது இரண்டு மாதம் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகுதான் விளங்கியது. கடலுக்குள் எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறார்கள், வெளிநாட்டுக் கம்பனிகள் ஆட்களை இறக்குகின்றன, வீட்டு விலை கிழமைக்குக் கிழமை ஏறுகிறது. நீச்சல்குளம் உள்ள வீடுகளை எண்ணெய்க்காரர்கள் எடுக்கட்டும். எனக்கு இரண்டு அறையும் கிணறோ தண்ணீர்த்தாங்கியோ உள்ள ஒரு வீடு போதும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பவுசர் லொறியில் வாங்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல். பிள்ளையின் பள்ளிக்கூடக் காசில் அரைவாசியைக் கம்பனி தரும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் பயப்படுத்த எழுதவில்லை. தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் இருக்கிறதை இங்கே டிவியில் காட்டினார்கள். நீரும் போகிறீரோ? போனால் குடை கொண்டு போம்.

அன்புடன்,
ஞானேஸ்வரன்

●

அக்ரா
21.05.2009

அன்புள்ள யோகமலர்,

நான் எழுதி ஆறு கிழமையாகியும் உம்மிடமிருந்து பதில் இல்லை. தொலைபேசியில் "ம்" என்கிறீர், பிறகு பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறீர். இங்கேயும் செய்தி பார்த்தோம். என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. நீர் சாப்பிடவில்லை என்று கோசிகா சொன்னாள். சாப்பிடும். உமக்கு ஏலுமான நேரம் எழுதினால் போதும்.

ஞானேஸ்வரன்

●

கிங்ஸ்பரி
11.06.2009

கோசிகாவின் அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையும் சுகம்.

தம்பி வவுனியாப் பக்கம் முகாமில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளும் அவனோடு. வேதவல்லி இல்லை. சித்திரை மாதமே போய்விட்டாளாம். யாரோ ஒருவரின் போனில் மூன்று நிமிசம் கதைத்தான். என்மேல் ஒரு கோபமும் இல்லாமல், "அக்கா, நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டான். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நீங்கள் ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம். எனக்கு இப்போது செய்ய ஒரு வேலை வேண்டும். அந்த வீட்டு அலுவலைப் பார்ப்போம். இனி எங்கள் குடும்பத்தில் செய்கிற எந்தக் காரியமும் நல்ல நேரத்தில் ஒழுங்காகத் தொடங்க வேண்டும். சேமிப்பில் இருந்ததை எடுத்துவிட்டேன். ஈஸ்ட் ஹாமுக்குப் போய் என்னுடைய நாலு காப்பையும் கொடுத்துக் காசாக்கினேன். நகைக்கடைக்காரன் "யோசிச்சுத்தான் குடுக்கிறியளோ அக்கா?" என்று கேட்டான். "ஓம், அங்க வீட்டுக்காரருக்கு இரண்டு வருசக் காசு ஒரேயடியா வேணுமாம்" என்றேன். அவன் சிரித்தான். அவனுக்கு விளங்கியிராது.

காசைப் போட்டுவிட்டேன். பிடித்த வீடாகப் பார்த்து எடுங்கோ. கெதியாகச் செய்யுங்கோ.

யோகமலர்

●

அக்ரா
05.07.2009

அன்புள்ள யோகமலருக்கு,

நீர் மறித்திருக்கிறீர், ஆகவே அதைப்பற்றி எழுதவில்லை. நினைக்காமல் இருக்கவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளும். கோசிகாவுக்கு இருமல் நின்றதோ?

வீடு கிடைத்துவிட்டது! பதினேழு வீடு ஏறி இறங்கின பிறகு. இரண்டு அறை, நல்ல குசினி, மேலே தண்ணீர்த்தாங்கி, பின்னால் ஒரு மாமரமும் முருங்கை நட இடமும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு "ட்ரோட்ரோ" என்கிற மினிபஸ்ஸில் இருபது நிமிசம். வீட்டுக்கார அம்மா முன்பு லண்டனில் தாதியாக இருந்தவ. நான் கிங்ஸ்பரி என்றதும் எழும்பி வந்து கையைப் பிடித்தா. மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவாகவே கேட்டா. நீர் அனுப்பின காசும் என்னிடம் இருந்ததும் சேர்த்து இரண்டு வருட முன்பணம் முழுவதும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை பதினெட்டாம் திகதி கதவுத் திறப்பைக் கையில் தருவா. பத்திரத்தில் எந்த நாளில் இருந்து குடியிருக்கிறோம் என்று எழுத வேண்டும் என்று கேட்கிறா. பதினெட்டு என்றே எழுதி, அன்றே நான் போய் இருந்துகொண்டு கட்டில், அடுப்பு எல்லாம் மெல்ல மெல்ல வாங்கலாம் என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்?

அந்த மாமரத்துக்குக் கீழே உமக்கு ஒரு கதிரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கார அம்மாவின் மகன் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான்.

அன்புடன்,
ஞானேஸ்வரன்

●

கிங்ஸ்பரி
12.07.2009

இஞ்சருங்கோ,

எல்லோரும் சுகம், இருமல் நின்றுவிட்டது. மாமரம் என்றதும் கோசிகாகூட ஒரு நிமிசம் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்தாள். சந்தோசம்.

ஆனால் பதினெட்டாம் திகதியோ! உங்களுக்கு என்ன விசரோ? அதற்கு முதல் நாளே ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் புது வீட்டுக்குப் போவார்கள்? நீங்கள் ஒருநாளும் இதெல்லாம் பார்க்கிற ஆளில்லை, எனக்குத் தெரியும். இந்த ஒருதரம் என் சொல்லைக் கேளுங்கோ. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஆவணி பதினோராம் நாள், வியாழக்கிழமை, ஓகஸ்ட் இருபத்தேழு. வளர்பிறை. பத்திரத்தில் அந்தத் திகதியையே எழுதச் சொல்லுங்கோ. அன்றைக்குக் காலையில் பால் காய்ச்சி, அரிசியும் உப்பும் மஞ்சளும் முதலில் கொண்டு போய் வைத்து, பிறகு மற்றச் சாமான். நான்கு நாள் கழித்து நாங்களும் வந்துவிடுவோம்.

அதுவரைக்கும் ஒரு விளக்குமாறுகூட அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. நாற்பது நாள்தானே! காசு கட்டின வீடு எங்கே ஓடப்போகிறது? இந்த வருடம் எங்களுக்கு நடந்ததெல்லாம் காணும். இது ஒன்றாவது பிழையில்லாமல் தொடங்கட்டும். சத்தியமாகக் கேட்கிறேன்.

யோகமலர்

●

அக்ரா
09.08.2009

அன்புள்ள யோகமலருக்கு,

எழுதப் பிந்திவிட்டது. வேலை கூட. நான் சுகம். உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

அந்த வீட்டை விட்டுவிட்டேன். திரும்பப் போய்ப் பார்த்தபோது தாங்கித் தண்ணீர் உப்பாக இருந்தது. வாசலும் தெற்குப் பார்த்த வாசல். நீர் அவ்வளவு பார்க்கிறீர், தெற்கு வாசலுக்குள் உம்மைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். ஒன்றுக்கும் யோசியாதேயும்.

இன்னொன்று. இங்கே விலைவாசி போகிற போக்கில், நீங்கள் இப்போது வராமல் டிசம்பரில் நத்தார் விடுமுறையோடு வந்தால் நல்லது என்று நினைக்கிறேன். டீசல் ஏறிவிட்டது. பவுசர்த் தண்ணீர் ஏறிவிட்டது. எரிவாயுச் சிலிண்டர் கிடைப்பதில்லை. பால்மா, பாண், முட்டை எல்லாம் ஏறிவிட்டது. கோழி இறக்குமதிக் கோழிதான், அதுவும் விலை. பள்ளிக்கூடச் சீருடைக்கு ஒரு காசு, பஸ்ஸுக்கு ஒரு காசு. குஜராத்திக் குடும்பத்திடம் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லிப் பார்க்க ஏலாதோ?

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லும்.

இப்படிக்கு,
ஞானேஸ்வரன்

●

கிங்ஸ்பரி
16.08.2009

கோசிகாவின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாக இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

தெற்கு வாசலாம்! பத்தொன்பது வருடத்தில் ஒருநாள் ராகுகாலம் பார்க்காத மனுசனுக்கு வாசல் தெற்குப் பார்க்கிறதாம். கிங்ஸ்பரி வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியுமோ? தெற்கு. பத்து வருடம் அதற்குள்ளால்தான் வேலைக்குப் போய் வந்தீர்கள். கடிதத்தை வாசித்த அன்றே ஏதோ மறைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. முதலில் வேறு மாதிரியும் யோசித்தேன். உங்களுக்கு அங்கே யாரும் இருக்கிறார்களோ, நாங்கள் வருவது கரைச்சலோ என்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வெம்பிளிக்குப் போனேன். செல்வரத்தினம் அண்ணை இரண்டு கிழமை அங்கே வேலையாக நின்றுவிட்டு வந்திருந்தார். "அண்ணை, எனக்குப் பொய் சொல்ல வேண்டாம், இவருக்கு அங்க என்ன நடந்தது?" என்று கேட்டேன். மனுசன் மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினார், திரும்பக் கலைத்து அடுக்கினார். பிறகு சொன்னார்.

"தங்கச்சி, வீட்டில ஒரு பிழையும் இல்லை. பத்திரத்தில இருபத்தேழாம் திகதி எண்டு எழுதினதால வீடு ஆளில்லாமல் கிடந்தது. எண்ணெய்க் கம்பனிக்காரன் ஒருத்தன் வந்து இரட்டிப்பு வாடகை தாறன் எண்டானாம். அந்த மனுசி ஏலாது எண்டுதான் சொன்னவ. மகன்காரன் கேக்கேல்லை. திகதி இன்னும் வரேல்லைத்தானே எண்டு பத்திரத்தைக் கிழிச்சுப்போட்டு, பூட்டை மாத்தி அவையளைக் குடிவைச்சிட்டான். காசு ஆறு துண்டாத் தருவினமாம். பதினெட்டாம் திகதியே ஞானேஸ்வரன் போய் இருந்திருந்தால் ஒருத்தரும் அசைச்சிருக்க ஏலாது."

நீங்கள் இன்னும் குளிரறை வளவுக்குள் அந்த மெசின்களுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறீர்களாம். மெலிந்துவிட்டீர்களாம்.

வெம்பிளியில் இருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏற முடியவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன், சனம் பார்த்தது.

என்னாலே போன வீடு. நீங்கள் அதை மறைத்துவிட்டீர்கள். இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். மார்கழியில் தம்பி எடுத்தபோது என்ன சொன்னான் என்று உங்களுக்கு நான் முழுதும் சொல்லவில்லை. "அக்கா, வவுனியாப் பக்கம் வர ஒரு வழி கிடைச்சிருக்கு. இரண்டு நாளுக்குள்ள வெளிக்கிட வேணும். போகட்டோ?" என்று கேட்டான். நான் சொன்னேன், "மார்கழி பீடை மாதமடா. குஞ்சு குருமானோட இப்ப வெளிக்கிடாதை. தை பிறக்கட்டும்" என்று. அவன் சின்ன வயதில் இருந்து நான் சொன்னதைக் கேட்கிறவன். கேட்டான். தை பிறந்தபோது அந்த வழியும் இல்லை, வேறு வழியும் இல்லை. வேதவல்லி பொங்கலுக்கு முதலே வவுனியாவில் இருந்திருப்பாள்.

அதற்குப் பிறகும் என்ன துணிவில் பஞ்சாங்கத்தைத் தூக்கினீர் என்று நீங்கள் கேட்கலாம். நாளில் ஒன்றும் இல்லை என்று நான் ஒருதரம் ஒப்புக்கொண்டால், அந்த நாலு பேரையும் ஒன்றுமில்லாததற்காக மறித்து வைத்தேன் என்று ஆகிவிடும். அதனால்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இந்த வீடு நல்லபடி அமைந்தால் நான் சொன்னது முழுப்பிழை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள நினைத்தேன். அதுவும் போய்விட்டது. இனிச் சொல்ல ஒன்றும் இல்லை.

குஜராத்திக் குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று. பொறுக்க மாட்டார்கள். ஓகஸ்ட் முப்பத்தொன்று பின்னேரம் நான் திறப்பைக் கொடுக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் மச்சாள் வீட்டில் ஓர் அறை தருவாள், நத்தார் வரைக்கும் அங்கே கிடக்கலாம். அல்லது அக்ராவுக்கு உங்களிடம் வரலாம். விலை ஒன்றும் எழுதாமல் எனக்குப் பதில் எழுதுங்கோ. நாங்கள் வரட்டோ, வேண்டாமோ?

யோகமலர்

●

அக்ரா
20.08.2009

அன்புள்ள யோகமலருக்கு,

உடம்புக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெலிந்தது உண்மை, செல்வரத்தினம் அண்ணை அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நீர் நித்திரை கொள்கிறீரோ? பிள்ளை எப்படி?

உம்முடைய கடிதத்தைக் காலையில் இருந்து மூன்று தரம் வாசித்துவிட்டேன். பை இன்றைக்குப் போகிறது, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

மார்கழியில் சிவானந்தன் எடுத்த அன்று நான் வேலையில் என்று நீர் நினைத்திருந்தீர். அன்றைக்குத்தான் எங்களை வேலையால் நிற்பாட்டினார்கள். வேளைக்கே வந்துவிட்டேன். கடைச்சாமான் பைகளோடு வாசல் ஹோலுக்குள் நின்றேன். கதவு அரைவாசி திறந்திருந்தது. நீர் தம்பிக்குச் சொன்னதெல்லாம் கேட்டது.

நான் உள்ளே வந்து போனை வாங்கி, "மச்சான், நாளும் கோளும் பாக்காதை, இப்பவே வெளிக்கிடு" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று உமக்கே தெரியும். சொல்லவில்லை. அந்தப் பாதையில் போய் ஏதாவது நடந்தால் நான் சொல்லித்தானே போனார்கள் என்று வரும், அதற்குப் பயம். வேலை போனதை உம்மிடம் எப்படிச் சொல்வது என்கிற யோசனை வேறு. நீர் நாள் பார்த்து மறித்தது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. குசினிக்குள் போய்ப் பாலை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். பிறகு வந்து "ஆர் கோல்?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் உம்மைக் கேட்டேன். "தம்பி, சுகமாம்" என்றீர். நானும் விட்டுவிட்டேன்.

எட்டு மாதமாக நீர் தனியப் பிழை செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர். நான் தெரிந்துகொண்டே உம்மை அப்படி விட்டிருந்தேன். வீட்டை மறைத்தது உமக்காக என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பூட்டு மாற்றின அன்றைக்கு உமக்கு எழுத இருந்தேன். எழுதினால் நீர் மார்கழியைச் சொல்வீர், நீர் சொன்னால் நானும் சொல்ல வேண்டி வரும். அதுதான் உண்மையான காரணம். டீசலும் முட்டையும் இல்லை.

இங்கே எனக்கு வேறு ஒருவரும் இல்லை. அப்படி நினைத்ததற்கு நேரில் பேச்சு வாங்குவீர்.

முதலாளியிடம் இன்று கதைத்தேன். என்னுடைய அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையைக் காலி பண்ணித் தரச் சம்மதித்துவிட்டார். இரண்டு அறையாகும். மெசின் சத்தம் இருக்கும், மீன் மணம் இருக்கும். கோசிகா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு கதைக்க மாட்டாள். பிறகு பழகிவிடுவாள். முன்பணத்தில் முதல் துண்டு வந்திருக்கிறது, அதைச் சிவானந்தனுக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்புவோம். மற்ற ஐந்தையும் பிறகு யோசிப்போம்.

முப்பத்தொன்றாம் திகதி திறப்பைக் கொடுத்துவிட்டு நேரே விமான நிலையத்துக்குப் போங்கோ. ஈஸ்ட் ஹாமுக்குப் போக வேண்டாம். நத்தாரும் வேண்டாம்.

உம்மில் மட்டும் பிழையில்லை என்று நான் கடிதத்தில் எழுதினால் நீர் நம்பமாட்டீர். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும், எனக்கும் நீர் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்.

உம்முடைய,
ஞானேஸ்வரன்